மருந்து டப்பாவில் இருக்கும் எலி

எங்கள் ஊரில் பூச்சிக்கொல்லிக்குப் பெயர் மருந்து. காய்ச்சலுக்கு டாக்டர் கொடுப்பதும் மருந்து, ஏலச்செடிக்கு அடிப்பதும் மருந்து. "மருந்தடிக்கப் போயிருக்காரு" என்றால் போடியில் யாரும் ஆஸ்பத்திரியை நினைக்க மாட்டார்கள். அடுத்த முறை உரக்கடைக்குப் போனால் ஒரு டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். மூலை மேலே இருக்கிற மாதிரி சாய்த்து வைத்த ஒரு சதுரம் இருக்கும். மேல் பாதியில் எழுத்து, கீழ்ப் பாதியில் நிறம். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, இந்த நான்கில் ஒன்று. சிவப்பு என்றால் மண்டை ஓடும் சேர்ந்து இருக்கும்.

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் எம்.பார்ம் படிக்கிறேன், மருந்தியல் பிரிவு. என் சித்தப்பா இருபது வருஷமாக மேலே ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கிறார். விடிகாலை ஐந்து மணிக்கு ஜீப். முந்தல் தாண்டி, வளைவு வளைவாக ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை பக்கம் போனால் இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்புவார். அந்தக் கட்டத்தில் இருக்கும் நிறத்தோடு வேலை பார்ப்பவர் அவர். அந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று பரீட்சைக்குப் படிப்பவள் நான். இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதால் இதை எழுதலாம் என்று தோன்றியது.

நிறம் எங்கிருந்து வருகிறது? எலியிடமிருந்து.

சில எலிகளுக்கு ஒரு பொருளை வெவ்வேறு அளவில் கொடுத்து, எந்த அளவில் பாதி எலிகள் சாகின்றன என்று கணக்குப் போடுவார்கள். அந்த அளவுக்கு எல்டி 50 என்று பெயர். 1927இல் டிரெவன் என்ற ஆங்கிலேயர் கொண்டுவந்த முறை. அவர் அப்போது பூச்சிக்கொல்லியைப் பற்றி யோசிக்கவே இல்லை. டிஜிட்டாலிஸ், இன்சுலின் மாதிரி மருந்துகள் ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒவ்வொரு வீரியத்தில் வந்துகொண்டிருந்தன. அதை ஒழுங்காக அளக்க ஒரு வழி தேடினார். பிறகு கண்ணில் பட்ட ரசாயனத்துக்கெல்லாம் அதுவே அளவுகோல் ஆகிவிட்டது.

நம் நாட்டில் 1971ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லி விதிகள் இந்த எண்ணை நிறமாக மாற்றுகின்றன. எலியின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள் பாதி எலிகள் செத்தால் சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள். 501 முதல் 5000 வரை நீலம். அதற்கு மேல் பச்சை. (தோலில் தடவிப் பார்க்கிற கணக்கும் தனியாக உண்டு.) உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் மோனோகுரோட்டோபாஸின் எண் 14. ஆகவே சிவப்பு. ஏலத்தில் த்ரிப்ஸுக்கும் துளைப்பானுக்கும் பல வருஷமாக அடித்துவரும் குயினால்பாஸ் 62, மஞ்சள். வேர்ப்புழுவுக்கு ஊற்றிவந்த குளோர்பைரிபாஸ் 135, அதுவும் மஞ்சள். 62ம் மஞ்சள், 490ம் மஞ்சள் என்பதைக் கவனியுங்கள். ஏறக்குறைய எட்டு மடங்கு வித்தியாசம் டப்பாவில் தெரியாது.

இந்த எலி யார் என்று பார்த்தால், வெள்ளை உடம்பு, சிவப்புக் கண். பிலடெல்பியாவில் விஸ்டார் என்ற ஆராய்ச்சி நிலையத்தில் 1906 வாக்கில் வளர்க்க ஆரம்பித்த வம்சம். எங்கள் கல்லூரி விலங்குக் கூடத்தில் இருப்பவையும் அதே விஸ்டார்தான். சாக்கடையில் ஓடுகிற பழுப்பு எலியும் இதுவும் ஒரே இனம் என்றால் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள். கூடத்தில் 22 டிகிரி, பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் இருட்டு, கீழே உமி, மேலே உருண்டைத் தீனி, தண்ணீர் பாட்டில். ஹாஸ்டலில் எங்களுக்கு இத்தனை கவனிப்பு கிடையாது என்று எல்லா பேட்ச்சிலும் யாராவது ஒருவர் சொல்லுவார்கள். தோளுக்குக் கீழே பிடித்துத் தூக்கினால், இரண்டாவது வாரத்திலிருந்து பழகிப்போய் சும்மா இருக்கும். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஏலத்தோட்டத்திலும் எலி உண்டு. பழுத்த காயைக் கடித்து உள்ளே இருக்கும் அரிசியைத் தின்றுவிட்டுத் தொலியைப் போட்டுவிட்டுப் போகும். அதற்கு விஷம் வைப்பார்கள். அதை யாரும் கேட்பதில்லை. கல்லூரி எலி ஒன்றைத் தொட வேண்டுமானால் 1960ஆம் வருஷ மிருகவதைத் தடைச் சட்டம், 1998ஆம் வருஷ விதிகள், ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு நெறிமுறைக் குழு, எத்தனை எலி, ஏன் அத்தனை, எப்படிக் கொல்லப் போகிறாய் என்று கேட்கும் படிவம் என எல்லாம் உண்டு. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு பேர் எழுதிய புத்தகத்திலிருந்து வந்த யோசனை இது. முடிந்தால் விலங்கே வேண்டாம், வேண்டுமென்றால் குறைவாக, அதையும் வலி குறைவாக. அதன் பலன் கண்ணெதிரே இருக்கிறது. பழைய எல்டி 50 முறைக்கு ஒரு பொருளுக்கே டஜன் கணக்கில் எலிகள் போயின. ஓஇசிடி அமைப்பு அந்த முறையை 2002இல் தூக்கிவிட்டது. இப்போதைய முறை ஒன்றில், ஒரு கட்டத்துக்கு 3 எலிகள். அவை பிழைத்தனவா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த கட்டம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் எல்லாம் ஆர்கனோபாஸ்பரஸ் குடும்பம். நரம்பு ஒரு செய்தியை அனுப்பியதும் அதைத் துடைத்து நிறுத்துகிற ஒரு நொதி இருக்கிறது, அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்று பெயர். இந்த மருந்துகள் அதைப் பிடித்து முடக்கிவிடும். செய்தி நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்கும். எலிக்கு எச்சில் ஒழுகும், உடம்பு நடுங்கும், கண்ணிலிருந்து சிவப்பாக நீர் வரும். அது ரத்தம் இல்லை, எலியின் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சுரப்பியின் நிறமி. பார்க்கத்தான் ரத்தம் மாதிரி இருக்கும்.

த்ரிப்ஸில் இருப்பதும் அந்த நொதிதான், எலியில் இருப்பதும் அதுதான், சித்தப்பாவின் உடம்பில் இருப்பதும் அதுதான். மருந்தடித்துவிட்டு வரும் சில நாட்களில் அவருக்குக் கண்ணில் நீர் வடியும், வாயில் எச்சில் ஊறும், நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கும், எதிரே வரும் ஜீப்பின் லைட் கலங்கித் தெரியும். "பித்தம்" என்பார். எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். மறுநாள் ஐந்து மணிக்கு ஜீப்.

போன தடவை ஊருக்குப் போனபோது (2023இல் போடிக்கு ரயில் திரும்ப வந்ததிலிருந்து பஸ் நெரிசல் மிச்சம்) அவருக்கு இந்த மஞ்சள் கட்டத்தை விளக்கினேன். எலி, பாதி சாவு, கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம், எல்லாம். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அது சரி பாப்பா, அந்த எலி எத்தனை நாள் மருந்தடிச்சுச்சு?" என்றார்.

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்த ஆண்டு கேட்ட வைவா கேள்விகளில் இதற்குப் பக்கத்தில் வருகிற மாதிரி ஒன்றும் இல்லை.

ஏனென்றால் அந்த எலி ஒரே ஒரு தடவைதான் வாங்கிக்கொண்டது. ஒரே மருந்து. குழாய் வழியாக நேரே வயிற்றுக்குள். பிறகு 14 நாள் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். சித்தப்பா டிரம்மில் இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்துக் கலக்குகிறார். ஓஸைப் பிடித்துக்கொண்டு தலைக்கு மேலே வளர்ந்த செடிகளுக்கு நடுவில் நடக்கிறார். மழையில் நனைந்த சட்டை மருந்திலும் நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். வருஷத்தில் பாதி நாள் இப்படி. 28 நாள், 90 நாள், இரண்டு வருஷம் கொடுத்துப் பார்க்கும் சோதனைகளும், மூச்சு வழியாகப் போனால் என்ன ஆகும் என்ற சோதனையும் உண்டு. பூச்சிக்கொல்லியைப் பதிவு செய்ய அவையும் வேண்டும். ஆனால் அவை கோப்புக்குள் இருக்கின்றன. டப்பாவில் நிறம் ஒன்றுதான் இருக்கிறது, அந்த நிறத்துக்கு எத்தனை நாள் என்ற கேள்வியே தெரியாது.

இன்னொன்று, சாப்பாடு. சோதனை எலி கணக்குப் பார்த்துச் செய்த சத்துத் தீனி தின்கிறது. சாப்பாடு எலியை எப்படி மாற்றும் என்பதை நம் குன்னூரிலேயே பார்த்திருக்கிறார்கள். 1920களில் அங்கே பாஸ்டர் நிலையத்தில் இருந்த ராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் பல பகுதிக்காரர்கள் சாப்பிடுவதைத் தனித்தனி எலிக் கூட்டத்துக்குக் கொடுத்து வளர்த்தார். கோதுமை, பால், கீரை என்று சீக்கியர் சாப்பாடு கிடைத்த எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. அரிசியை நம்பிய மதராஸ் சாப்பாட்டு எலிகள் கடைசி. (அந்த ஆய்வுக்கூடம்தான் 1958இல் ஹைதராபாத் போய், பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.) பின்னால் கனடாவில் எல்டன் பாய்ட் என்பவர் புரதம் குறைந்த தீனி கொடுத்த எலிகளுக்குப் பல பூச்சிக்கொல்லிகள் இன்னும் அதிக விஷமாவதைக் காட்டினார். காலையில் நீராகாரம், மதியம் சோறும் ஊறுகாயும் கொண்டுபோகிறவர் எந்தக் கூட்டத்து எலி என்று டப்பா சொல்லாது.

அப்படியானால் எலிக் கணக்கே வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. பக்கத்திலேயே இலங்கை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பூச்சிக்கொல்லிகளை வகுப்பு வகுப்பாகப் பிரிப்பதும் எலியின் எண்ணை வைத்துத்தான். இலங்கை 1995இல் முதல் வகுப்பில் மிச்சமிருந்ததை நிறுத்தியது, 1998இல் எண்டோசல்பானை நிறுத்தியது. அதற்கு முன் அந்த நாட்டில் விஷத்தால் இறந்தவர்கள் ஏராளம். 2005க்குள் தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. எந்த டப்பாவைக் கடையிலிருந்து எடுப்பது என்று முடிவு செய்ய எலியின் எண் போதுமானதாக இருந்திருக்கிறது. அதில் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில். இந்த எலிகளுக்காக நான் யாரோடும் வாதாடத் தயார்.

ஆனால் அதே இலங்கையில் இன்னொரு கணக்கும் வந்தது. மைக்கேல் எடில்ஸ்டனும் கூட வேலை செய்தவர்களும், ஆர்கனோபாஸ்பரஸ் விஷத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்த 802 பேரைத் தொடர்ந்து கவனித்து 2005இல் லான்செட் இதழில் எழுதினார்கள். குளோர்பைரிபாஸ், டைமெத்தோயேட் இரண்டும் எலிக்கு ஏறக்குறைய ஒன்று. ஒன்றுக்கு எண் 135, மற்றதற்கு 150. எலியைக் கேட்டால் டைமெத்தோயேட் கொஞ்சம் சாது என்றே சொல்லும். மனிதர்களில் குளோர்பைரிபாஸ் குடித்தவர்களில் 8 சதவீதம் பேர் இறந்தார்கள், டைமெத்தோயேட் குடித்தவர்களில் 23 சதவீதம் பேர். ஏறக்குறைய மூன்று மடங்கு. எலிக்கு ஒன்றாக இருந்த இரண்டு மருந்து மனிதனுக்கு ஒன்றாக இல்லை.

படித்தபோது இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எலியின் ரத்தத்தில் கார்பாக்ஸிலெஸ்டரேஸ் என்ற நொதி ஏராளமாக ஓடுகிறது. அது விஷத்தில் ஒரு பங்கைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். மனிதனின் பிளாஸ்மாவில் அது இல்லை. மனிதன் வாந்தி எடுப்பான். எலியால் வாந்தி எடுக்கவே முடியாது (எலி விஷம் வேலை செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்). டப்பாவில் மருந்தோடு சேர்ந்திருக்கும் கரைப்பானுக்கும் பங்கு உண்டு. டைமெத்தோயேட் விஷயத்தில் அதன் கரைப்பானான சைக்ளோஹெக்சனோனும் சேர்ந்தே கொல்கிறது என்று 2012இல் எடில்ஸ்டன் குழுவே காட்டியது. எப்படிக் காட்டினார்கள் தெரியுமா? குட்டைப் பன்றிகளில். எலி எங்கே தவறியது என்று தெரிந்துகொள்ள இன்னொரு விலங்கு வேண்டியிருந்தது. இதற்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை.

இப்போது என் கதை. எம்.பார்ம் இரண்டாம் ஆண்டில் ஒரு ஆய்வேடு எழுத வேண்டும். தமிழ்நாட்டில் மருந்தியல் படித்த யாரைக் கேட்டாலும் தலைப்பு தெரியும். ஏதோ ஒரு மூலிகைச் சாறு. எலிக்குப் பாராசிட்டமால் அதிகமாகக் கொடுத்து ஈரலைக் கெடுப்பது, சாறு கொடுத்த எலிகளின் ஈரல் கொஞ்சம் நன்றாக இருக்கிறது என்று காட்டுவது. ஐந்து கூட்டம், கூட்டத்துக்கு ஆறு, மொத்தம் 30 எலிகள். முடிவில் முப்பதையும் கொன்று ஈரலை எடுத்து வெட்டிப் பார்க்க வேண்டும். எனக்கு யோசனையாகச் சொல்லப்பட்டது ஏலக்காய்ச் சாறு, போடிக்காரி என்பதால். எங்கள் நூலகத்தில் கறுப்பு அட்டை போட்ட இப்படிப்பட்ட ஆய்வேடுகள் இரண்டு அலமாரி நிறைய இருக்கின்றன. ஒன்றைப் படித்து இன்னொருவர் ஒரு நோயாளிக்கு ஏதாவது செய்தார் என்று நான் கேள்விப்பட்டதில்லை. பைண்டிங் கடைக்காரருக்குத்தான் லாபம்.

மஞ்சள் கட்டத்துக்காகச் செத்த எலியை நான் ஒப்புக்கொள்கிறேன், மூன்று எலியில் முடிக்கிற முறை வந்தபிறகு இன்னும் எளிதாக. இலங்கையில் அது என்ன செய்தது என்று கையில் எண் இருக்கிறது. அலமாரிக்காகச் சாகிற எலியை ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. படிவத்தில் "இந்தச் சோதனை ஏன் அவசியம்" என்று ஒரு இடம் இருக்கிறது. அதில் பட்டம் வாங்க என்று எழுத முடியாது. எல்லோரும் வேறு ஏதோ எழுதுகிறார்கள்.

அந்தச் சமயத்தில்தான் 1971ஆம் வருஷ விதிகளை முழுசாகப் படித்தேன். நிறத்துக்காகப் படிக்கப் போய் 37ஆம் விதியில் நின்றுவிட்டேன். மருந்தடிப்பவர்களுக்கு வேலைக்கு எடுக்கும் முன்பும், பிறகு வருஷத்துக்கு ஒரு முறையாவதும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். ஆர்கனோபாஸ்பரஸ், கார்பமேட் வகையோடு வேலை செய்பவர்களுக்கு மாதத்துக்கு ஒரு முறையாவது ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவு பார்க்க வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை! கலிபோர்னியாவே இந்தக் கண்காணிப்பை 1974இல்தான் கொண்டுவந்தது. அங்கே சிவப்பணுவில் இருக்கும் நொதி, ஒருவரின் சொந்தத் தொடக்க அளவில் 70 சதவீதத்துக்கு இறங்கினால் அவரை மருந்து வேலையிலிருந்து மாற்றிவிட வேண்டும். சித்தப்பாவிடம் கேட்டேன். இருபது வருஷத்தில் சர்க்கரைக்கு ரத்தம் எடுத்திருக்கிறார்கள், ஒரு தடவை டெங்குவுக்கு எடுத்திருக்கிறார்கள். இதற்கு எடுத்ததில்லை. அவரோடு ஜீப்பில் போகிறவர்களுக்கும் இல்லை.

அந்தச் சோதனை பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. எல்மேன் என்பவர் 1961இல் சொன்ன முறை, எங்கள் ஆய்வகத்தில் இருக்கும் சாதாரணக் கருவியே போதும். நொதி வேலை செய்தால் சோதனைக் குழாயில் மஞ்சள் நிறம் ஏறும். முடங்கியிருந்தால் மெதுவாக ஏறும். நிறம் ஏறும் வேகத்தைப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். எத்தனை நாள் மருந்தடித்தார் என்ற கேள்விக்கு எலியைவிட இது பக்கத்தில் பதில் சொல்லும்.

வழிகாட்டியிடம் போய், 30 எலிக்குப் பதிலாக மருந்தடிப்பவர்கள் 30 பேர், ஆளுக்கு ஐந்து மில்லி ரத்தம், காய் எடுப்பு ஓய்ந்த காலத்தில் ஒன்று, மருந்து அடிக்கும் காலத்தில் ஒன்று என்றேன். அவர் நல்ல மனிதர்தான். "எலின்னா நம்ம கமிட்டிம்மா, அடுத்த மாசமே முடிஞ்சிரும். மனுஷ ரத்தம்னா வேற கமிட்டி, டாக்டர் ஒருத்தர் வேணும், ஒவ்வொருத்தர்ட்டயும் கையெழுத்து, தோட்டத்துக்காரங்க என்ன சொல்லுவாங்களோ" என்றார். எல்லாம் நியாயம்தான். ஆனாலும் 30 எலியைக் கொல்வது சுலபமாகவும் 30 பேருக்கு ஊசி குத்துவது சிக்கலாகவும் இருக்கிற ஏற்பாட்டை என்னவென்று சொல்வது? எழுதிக் கொடு பார்க்கலாம் என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு டாக்டரும் கிடைத்திருக்கிறார்.

சித்தப்பாவிடம் சம்மதம் கேட்டபோது, "ரத்தந்தான, எடுத்துக்க" என்றார் உடனே. தொடக்க அளவு வேண்டும், அதற்கு ஒரு மாசமாவது மருந்து பக்கம் போகாமல் இருந்திருக்க வேண்டும் என்றதும் யோசித்தார். விரல் விட்டு மாதங்களை எண்ணினார். "மழை தள்ளிப் போச்சுன்னா பங்குனியில கொஞ்சம் ஓயும். அதுவும் நிச்சயமில்ல பாப்பா. எதுக்கும் ஊசியக் கையில வச்சிரு."